‘வேட்டை’ என்னும் சொல்லும் காட்டுயிர்ச் சட்டமும்

மலேசியத் தீபகற்பத்தில் இன்று நடப்பிலுள்ள காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 716 என்னும் எண்ணுடையது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அது செயலுக்கு வந்தது. 1972ஆம் ஆண்டின் பழைய சட்டம் அதனால் நீக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் அதன் திருத்தமும் நடப்புக்கு வந்தது. சபாவும் சரவாக்கும் தமக்கெனத் தனிச் சட்டங்களைக் கொண்டுள்ளன. நான் சட்டம் பயின்றவன் அல்லேன். சொல்லின் வரலாற்றைப் பயின்றவன். எனினும் சட்டம் என்பது சொல்லால் ஆகியது. எந்தச் சொல் எவ்வளவு பொருளைத் தன்னுள் அடக்குகிறது என்பதைப் பொறுத்தே ஒருவர் குற்றவாளியாகவோ குற்றமற்றவராகவோ ஆகிறார். ஆகவே இச்சட்டத்தைச் சொல்லின் வழியாக அணுகுவது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். காட்டுயிரைக் காக்கும் அரசுத் துறைக்கு ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ‘கேம் டிப்பார்ட்மென்ட்’ என்று பெயர். ‘கேம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு விளையாட்டு என்றும் பொருள்; வேட்டைக்குரிய விலங்கு என்றும் பொருள். துப்பாக்கியுடன் ஓய்வுநாளில் காட்டுக்குச் சென்ற தோட்டத்துரைகளின் காலத்துச் சொல் அது. விலங்கைக் காப்பதன் முதல் நோக்கமே, அடுத்த பருவத்திலும் சுடுவதற்கு விலங்கு இருக்க வேண்டும் என்பதாக இருந்தது. நம் மொழியும் இதற்கு முற்றிலும் அயலானதன்று. ‘வேட்டையாடு’ என்ற வினையில் ‘ஆடு’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்க. அத்துறையின் பழைய மலாய்ப் பெயர் ‘ஜபாத்தான் மெர்காஸ்துவா’ என்பது. ‘மெர்கா’ என்பது நாம் ‘மிருகம்’ என்று வழங்கும் அதே வடசொல். வடமொழியில் அது மானையும் குறிக்கும், பொதுவாகக் காட்டு விலங்கையும் குறிக்கும். வேட்டையைக் குறிக்கும் ‘மிருகயா’ என்ற சொல்லும் அதனோடு உறவுடையது. இன்று துறையின் பெயர் ‘பெர்ஹிலித்தான்’ எனச் சுருங்கி வழங்குகிறது. அதிலுள்ள ‘ஹிடுப்பான் லியார்’ என்பது காட்டில் வாழும் உயிர் அனைத்தையும் தழுவும் தொடர்.

இத்தொடரை நாம் ‘வனவிலங்கு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். இது எனக்கு உடன்பாடன்று. ‘விலங்கு’ என்றதும் நாற்காலுடைய ஒன்றே படிப்பவர் மனத்தில் தோன்றும். சட்டத்தின் அட்டவணைகளிலோ பறவைகளும் ஊர்வனவும் பூச்சிகளும் இடம்பெற்றுள்ளன. புறாவைக் கண்ணிவைத்துப் பிடிப்பவர் ‘நான் விலங்கு எதையும் தொடவில்லையே’ என்று உண்மையாகவே எண்ணக்கூடும். தமிழகத்தில் தியடோர் பாஸ்கரன் போன்றோர் பரப்பிய ‘காட்டுயிர்’ என்னும் சொல் இவ்விடத்தில் மிகப் பொருத்தமானது. இந்தக் கட்டுரையில் அதனையே ஆள்கிறேன்.

பழைய சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற குரல் ஓங்கியதற்கு ஒரு வழக்கு பெரிதும் காரணமாயிற்று. 2005ஆம் ஆண்டில் கிளந்தான் மாநிலத்துத் தும்பாட்டில் ஒருவருடைய வீட்டுக் குளிர்பெட்டியில் துண்டுகளாக வெட்டப்பட்ட புலி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 7,000 ரிங்கிட். அன்றைய சட்டம் அனுமதித்த உச்சத் தண்டமே 15,000 ரிங்கிட்டும் 5 ஆண்டுச் சிறையுந்தான். புலியின் எலும்பும் தோலும் கள்ளச் சந்தையில் பெறும் விலையை நோக்க, இத்தண்டம் வணிகச் செலவுகளுள் ஒன்றாகவே கணக்கிடப்படும். 2010ஆம் ஆண்டுச் சட்டம் புலி, சிறுத்தை, காட்டெருது, காண்டாமிருகம் முதலிய சிலவற்றைத் தனியே பிரித்து, அவற்றை வேட்டையாடினால் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 5 லட்சத்துக்கு மேற்படாமலும் தண்டம் என்றது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தண்டத்தை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறையை 15 ஆண்டுகளாகவும் உயர்த்தியது. இதற்கிடையே, 2016 முதல் 2020 வரை நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று காட்டியது.

இச்சட்டம் காட்டுயிரை இரு வகுப்பாகப் பிரிக்கிறது. ஒன்று பாதுகாக்கப்பட்டவை; உரிமம் பெற்றோர் பருவம், எண்ணிக்கை ஆகிய வரையறைகளுக்கு உட்பட்டு அவற்றை வேட்டையாடலாம். மற்றொன்று முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. அமைச்சரின் சிறப்பு அனுமதி இன்றி எவரும் அவற்றைத் தொடலாகாது. உரிமமின்றி முதல் வகுப்பில் கைவைத்தால் 50,000 ரிங்கிட் வரை தண்டம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். தோட்டப்புறங்களில் ‘யாரும் கேட்பாரில்லை’ என்று கருதப்பட்ட காட்டுப்பன்றியும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே.

எந்த உயிர் எந்த வகுப்பு என்பதில்தான் நம் பெயர்வழக்கு நம்மைக் கைவிடுகிறது. ‘உடும்பு’ என்ற ஒரே சொல்லால் தமிழர் குறிப்பிடுபவை இந்நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவை. பாரிட் புந்தாரின் வாய்க்கால்களில் நீந்தும் பெரிய நீருடும்பு ஓர் இனம். பால்மரக் காட்டில் மரமேறும் உடும்பு வேறோர் இனம். அனைத்துலக வணிக உடன்படிக்கையாகிய ‘சைட்டீஸ்’ முன்னதை இரண்டாம் பட்டியலில் வைத்துக் கட்டுப்பாட்டுடன் வணிகத்தை அனுமதிக்கிறது; பின்னதை முதற் பட்டியலில் வைத்து அடியோடு தடுக்கிறது. நம் சொல்லோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இதற்கு நேர்மாறான நிலை மானுக்கு. மிளா, கேளையாடு, சருகுமான் என்று தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மலாயில் ரூசா, கீஜாங், பெலாண்டோக் என்பன அவற்றுக்கு நிகர். ஆனால் தோட்டப்புறத் தமிழில் மூன்றும் ‘மான்’ என்ற ஒன்றில் கரைந்துவிட்டன. மிளாவும் கேளையாடும் அருகியமையால் 2009ஆம் ஆண்டு முதல் அவற்றுக்கு வேட்டை உரிமம் வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டது. ‘மான் பிடிக்கலாமா’ என்று ஒருவர் வினவினால், எந்த மான் என்று கேட்காமல் விடை கூற இயலாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘கம்பிங் குருன்’ என்று மலாய்க்காரர் அழைக்கும் மலைவாழ் விலங்கின் பெயரில் ‘ஆடு’ இருக்கிறது. ஆடுதானே என்று அதனைச் சுட்டவர், புலிக்குரிய தண்டனைப் பிரிவின்கீழ் நிற்பார். அறிவியற் பெயரைச் சட்டம் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இனி வினைச்சொற்கள். சங்க காலத்தில் ‘வேட்டம்’ என்பது கடலில் மீன் பிடிப்பதையும் குறித்தது; ஆகவே அகன்ற பொருளைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. சட்டம் வேட்டையாடுதலோடு நில்லாது, எடுத்தல், வைத்திருத்தல் என்பவற்றையும் குற்றவினைகளாக அடுக்குகிறது. கண்ணியை விரித்தவர் மட்டுமல்லர், கண்ணியைக் கையில் வைத்திருப்பவரும் குற்றவாளியே. கம்பிக் கண்ணி, புலியென்றும் பன்றியென்றும் பார்த்துப் பிடிப்பதில்லை என்பது இதற்கு நியாயம். மொழியியலாளனாகிய என்னை மிகவும் கவர்ந்த பிரிவு வேறொன்று. முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட உயிரின் உறுப்பு அடங்கியது என்று கூறி ஒரு பொருளை விற்பதும் குற்றம். ‘இதில் புலியெலும்பு உண்டு’ என்று சொல்லித் தைலம் விற்பவர், உள்ளே மாட்டெலும்பே இருந்ததென்று வாதாடித் தப்ப இயலாது. இங்கே கூற்றே செயலாகிறது. காட்டுயிரை விற்பதற்கான விளம்பரத்தையும் 2022ஆம் ஆண்டின் திருத்தம் குற்றமாக்கியது. கைப்பேசியில் ஒரு படமும் ஒரு வரியும் இட்டு வணிகம் நடக்கும் காலத்தில் இது தவிர்க்க முடியாதது.

விற்பனை என்ற இடத்தில்தான் சிக்கல் ஆழமாகிறது. 51ஆம் பிரிவு, பூர்வக்குடியினர் தம் உணவுக்காகவும் தம் குடும்பத்தார் உணவுக்காகவும் ஆறாம் அட்டவணையில் கண்ட சில உயிர்களை உரிமமின்றி வேட்டையாடலாம் என்கிறது. ஆனால் அவற்றை விற்கலாகாது. உணவுக்கோ பணத்துக்கோ வேறு எப்பொருளுக்கோ மாற்றவும் கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை தண்டம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். பேராக்கின் மலைப்புறங்களில் வாழும் தெமியார், செமாய் மக்களைப் பொறுத்தவரை இதன் பொருள் என்ன? பன்றியை உண்ணலாம், அதன் ஒரு தொடையைக் கொடுத்து அரிசி வாங்கலாகாது. பொருநராற்றுப்படை கரிகாலன் நாட்டைக் காட்டும்போது, கரும்பும் அவலும் தந்தவர் மான் இறைச்சி பெற்றுச் செல்வதை வளத்தின் அடையாளமாகவே வைக்கிறது. திணைகள் கைகோத்து வாழ்ந்ததே பண்டமாற்றால்தான். அவ்வழக்கத்தை இன்றைய சட்டம் ஏன் அறுக்கிறது?

விடை சந்தையில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பசிக்கு ஓர் எல்லை உண்டு. நகரத்து உணவகத்தின் தேவைக்கு எல்லையில்லை. சரவாக் தன் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் காட்டிறைச்சி விற்பனையைத் தடுத்ததும் இதனால்தான். மரம் வெட்டும் பாதைகள் காட்டின் உட்பகுதியைச் சந்தையோடு இணைத்தபின், உள்ளூரார் உண்ண இறைச்சி கிடைக்காத நிலை தோன்றிற்று. ஆகவே தடையை நான் ஏற்கிறேன். ஆயினும் அயலாரிடம் ஒரு படி அரிசிக்கு இறைச்சி மாற்றுவதையும், வாகனம் நிறைய நகருக்கு ஏற்றுவதையும் ஒரே வாக்கியத்தில் அடைத்திருப்பது செப்பமான வரைவு ஆகாது. அளவு பற்றிய சொல் ஒன்று அங்கே விடுபட்டுள்ளது. அடுத்த சீர்திருத்தம் தொடவேண்டிய இடம் இது என்பது என் கருத்து.

தொழிலைத் தடுத்தபின் வேறு தொழில் காட்டுவதற்கும் சான்று உண்டு. இந்தியாவும் தன் காட்டுயிர்ச் சட்டத்தை அதே 1972ஆம் ஆண்டில்தான் இயற்றியது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடுக்கப்பட்டபோது, செங்கற்பட்டுப் பகுதி இருளர் தம் பிழைப்பை இழந்தனர். 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு நஞ்சுமுறி மருந்தாகிறது. ‘பாம்பு பிடித்தல்’ என்ற தொழிற்பெயர் மாறவில்லை. அதன் பயன் மாறிற்று.

குறளை மேற்கோளாக்க இவ்விடம் மிகத் தோதானது, வேண்டுமென்றே தவிர்க்கிறேன். வள்ளுவர் புலாலையே மறுத்தார். இச்சட்டம் எவருடைய தட்டிலும் அறம் பரிமாற முற்படவில்லை. எண்ணிக்கையைக் காப்பதே அதன் வேலை.

நம் வட்டாரத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கிரியான் நெல்வயல் வரப்புகளில் வெண்மார்பும் கருமுதுகும் கொண்டு விரைந்தோடும் பறவையை மலாயில் ‘ருவாக் ருவாக்’ என்பர். நாம் கானாங்கோழி என்கிறோம். சங்க நூல்கள் கம்புள் என்றன. பூர்வக்குடியினரின் ஆறாம் அட்டவணையில் அதுவும் ஒன்று. அவர்களுக்கு அது உரிமமின்றி உணவாகலாம். அதே வயலோரத்தில் வாழும் நமக்கு உரிமம் வேண்டும். சற்று மேற்கே கோலா குலாவின் சதுப்புக் காட்டுக்கு வரும் வலசைப் பறவைகளையும் பால்நிற நாரையையும் மாணவர்க்குக் காட்டச் செல்லும் ஆசிரியர்கள், ஒவ்வொன்றன் தமிழ்ப்பெயரோடும் மலாய்ப்பெயரோடும் அதன் சட்ட வகுப்பையும் எழுதச் செய்யலாம். மூன்று நிரல்கள் போதும். நான்காவதாக ஒரு நிரல் சேர்ப்பதானால், அதன் தலைப்பு ‘வைத்திருத்தல்’ என்றிருக்கட்டும்: சாலையோரம் வாங்கிய காட்டிறைச்சி வீட்டுக் குளிர்பெட்டிக்குள் சென்றதும், சுட்டவரும் விற்றவரும் எங்கோ போய்விட, அவ்வினைக்கு எழுவாயாக எஞ்சுபவர் வாங்கியவரே.