மேற்றிராணியாரைத் தெரிவு செய்வது யார்?

மேற்றிராணியாரை நியமிக்கும் உரிமை பாப்பரசருக்கே உரியதென்பது கத்தோலிக்கர் அறிந்த செய்தி. ஆயினும், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், கத்தோலிக்க நாடென்று தன்னைப் பிரகடனஞ் செய்துகொண்ட ஸ்பெயினிலே, அவ்வுரிமையின் பெரும்பங்கு சர்வாதிகாரி பிராங்கோவின் கையில் இருந்தது. அதனை அவர் பறித்துக்கொள்ளவில்லை, உரோமாபுரியே கொடுத்தது. பழைய ஸ்பானிய மன்னர்கள் அனுபவித்த சலுகை தமக்கும் வேண்டுமென்று அவர் கேட்டார். 1941ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனை வழங்க, 1953ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதிப்படுத்தியது.

ஒரு மேற்றிராசனம் வெறுமையானால், பாப்பரசரின் தூதுவர் அரசாங்கத்தோடு கலந்து, ஆறுக்குக் குறையாத பெயர்களை உரோமாபுரிக்கு அனுப்புவார். பாப்பரசர் அவற்றுள் மூன்றைத் தெரிவார். அம்மூவருள் ஒருவரைப் பிராங்கோ முப்பது நாளுக்குள் முன்மொழிய, பாப்பரசர் அவரை நியமிப்பார். இறுதிச் சொல் பாப்பரசருடையதே. ஆனால் அரசாங்கம் விரும்பாத குருவானவரின் பெயர் முதற் பட்டியலில் ஏறுவதே அரிது. பட்டியலை எழுதுபவனுக்கு இறுதிச் சொல் எதற்கு? மக்களுக்கோ எந்தப் பட்டியலிலும் குரல் இல்லை. 1966இல் பார்சலோனாவிலே, தம் இனத்தவரே மேற்றிராணியாராக வேண்டுமெனக் காத்தலானியர் கிளர்ந்தும் பயனில்லாது போயிற்று.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இத்தகைய சலுகைகளைத் தாமாகவே விட்டுவிடுமாறு அரசாங்கங்களைக் கேட்டுக்கொண்டது. 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் பிராங்கோவுக்கு நேரிலேயே கடிதம் எழுதினார். உடன்படிக்கை முழுவதையும் திருத்தினாலன்றி இதனை மட்டும் விடுவதற்கில்லை என்று பிராங்கோ மறுத்துவிட்டார்.

ஆனால் உடன்படிக்கையில் ஒரு சிறு வாயில் திறந்தே கிடந்தது. மேற்றிராசனத்தை ஆளும் மேற்றிராணியாருக்கும், அவர்பின் பதவியேற்கும் உரிமை பெற்றவருக்கும் மட்டுமே அரசின் முன்மொழிவு வேண்டும். சாதாரண துணை மேற்றிராணியாருக்கு வேண்டியதில்லை. உரோமாபுரி அவ்வாயிலாலே நுழைந்தது. ஆசனங்கள் சில வெறுமையாகவே விடப்பட்டன; துணை மேற்றிராணியார் பலர் நியமனம் பெற்றனர். மந்தைகள் நிலையான மேய்ப்பரின்றிக் காத்திருந்தது அதற்குக் கொடுத்த விலை. எனினும் 1966இல் அமைந்த மேற்றிராணியார் பேரவையில் இப்புதியவர்களுக்கும் வாக்குண்டு. சில ஆண்டுகளில் பேரவையின் குரலே மாறிற்று. 1971இல் மத்ரித் அதிமேற்றிராணியாரான கர்தினால் தரங்கோன், மறுவருடம் பேரவைத் தலைவராகவும் தெரிவானார். திருச்சபை ஆட்சியினின்று விலகி நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அரசின் முன்மொழிவு முறை நடந்த காலத்திலேயே பில்பாவோ ஆசனத்துக்கு வந்தவர் மேற்றிராணியார் அன்யோவெரோஸ். 1974 பெப்ரவரியில், பாஸ்க் மக்களின் மொழியும் பண்பாடும் மதிக்கப்படவேண்டும் என்ற அவரது பிரசங்கம் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அரசாங்கம் அவரை வீட்டுக்காவலில் வைத்தது. நாட்டைவிட்டு ஏற்றிச்செல்ல விமானமும் ஆயத்தமாயிற்று. பாப்பரசரின் கட்டளையின்றிப் புறப்படேன் என்றார் அவர். பின்வாங்கியது அரசாங்கமே.

பிராங்கோ 1975 நவம்பரில் மறைந்தார். 1976 யூலையிலே மன்னர் யுவான் கார்லோசின் அரசாங்கம் அச்சலுகையைக் கைவிட்டது. புதிய மேற்றிராணியாரின் பெயர் வெளியாகுமுன் அரசாங்கத்துக்கு அறிவிக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம், தீர்மானிப்பது உரோமாபுரி. படையினருக்குரிய தலைமைக் குருவின் பதவிக்கு மட்டும், மூன்று பெயர்களுள் ஒன்றை மன்னர் முன்மொழியும் பழைய வழக்கத்தை அவ்வுடன்படிக்கை விட்டுவைத்தது.