மேசை இல்லாதவருக்கும் ஒரு குரல் பெட்டி

திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் இன்டர்காம் எண் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் முதலாளி, கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், கட்டிங், பேக்கிங் எல்லாம் உண்டு. பையர் சார்பில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து இரண்டு நாள் தங்கும் க்யூ.சி.க்கு அதில் எண் கிடையாது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று துணிக்குப் பின்னாலேயே பைக்கில் அலையும் ஃபாலோ-அப் ஆளுக்கும், காஜா பட்டன் அடித்துத் தரும் ஜாப் ஒர்க்காரருக்கும் கிடையாது. குறித்த நாளில் கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேருவதில் இவர்கள் பங்கு பெரிது. இவர்களுக்குப் பொருந்தும் வசதி ஒன்று, அலுவலக போன்களை இணைக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகள் பலவற்றில் இருந்தும் பயன்படாமல் கிடக்கிறது. அதன் பெயர் கெஸ்ட் மெயில்பாக்ஸ்.

சாதாரண வாய்ஸ்மெயில் ஒரு எக்ஸ்டென்ஷனைச் சார்ந்தது. 214 மணியடிக்கும், யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு அதன் பெட்டிக்குப் போகும். கெஸ்ட் பெட்டிக்குப் பின்னால் போன் கருவியே இல்லை, எண் மட்டும்தான். கம்பெனி எண்ணை அழைத்து 801 அழுத்தினால் நேரே வரவேற்புக் குரல், ஒரு பீப், பிறகு பதிவு. பெட்டிக்கு உரியவர் எந்த ஊரிலிருந்தும் தன் செல்போனில் அழைத்து, பெட்டி எண்ணையும் ரகசிய எண்ணையும் அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்புகிறது. அந்த ஜோடியை வைத்தே எந்த எண் என்று கருவி கண்டுபிடிக்கிறது.

குரல் எப்படிச் சேமிக்கப்படுகிறது? தொலைபேசித் தரத்தில் நொடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதுகிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்கு 4,80,000 பைட், அதாவது அரை எம்.பி.க்கும் குறைவு. ஒரு ஜி.பி.யில் 30 மணி நேரத்துக்கு மேல் பேச்சு அடங்கும். அமெரிக்காவின் கார்டன் மேத்யூஸ் வாய்ஸ்மெயிலுக்கு 1983இல் காப்புரிமை பெற்ற காலத்தில் இது பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியான வசதி. 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளில், பெட்டி எண், ரகசிய எண், பெயர், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை ஒரே வரியில் எழுதினால் புதுப் பெட்டி தயார். மின்னஞ்சலை விடாமல் எழுதுங்கள். போன் கருவி இல்லாததால், செய்தி வந்திருக்கிறது என்று காட்டச் சிவப்பு விளக்கும் இருக்காது.

வாட்ஸ்அப் குரல் பதிவு போதாதா என்று கேட்பார்கள். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேறு கம்பெனிக்கு மாறும்போது அந்தப் பதிவுகளும் அவர் செல்போனோடு போய்விடும். எந்த லேப் டிப்புக்கு ஒப்புதல் வந்தது, நெக் ரிப்பில் என்ன மாற்றம் சொன்னார்கள் என்பதெல்லாம் கம்பெனி கையில் இருக்காது. அதனால் பெட்டியை ஆளுக்கு ஒன்றாகத் தராமல் ஆர்டருக்கு ஒன்றாகத் திறப்பதே நல்லது என்பது என் கருத்து. நியூயார்க்கில் மாலை மூன்று மணிக்குப் பையர் பேசும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். காலையில் அந்த ஆர்டரைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் பெட்டியைத் திறந்து கேட்டு வேலையைத் தொடங்கலாம்.

ஆபத்தும் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பிரிட்டனில் பிறருடைய வாய்ஸ்மெயிலைத் திருட்டுத்தனமாகக் கேட்ட விவகாரத்தில், 168 ஆண்டு பழைய ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ பத்திரிகையே 2011 ஜூலையில் மூடப்பட்டது. அங்கே பல பெட்டிகள் திறந்துகொண்டதற்குக் காரணம், யாரும் மாற்றாமல் விட்ட ஆரம்ப ரகசிய எண். அலுவலக அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டிக்குள்ளிருந்து வெளி எண்ணை அழைக்கும் வசதி திறந்திருந்தால், இரவில் நுழைபவர்கள் வெளிநாட்டு அழைப்புகளைப் போட்டுத் தள்ளுவார்கள். பில் கம்பெனி தலையில் விழும். 0000, 1234 போன்ற எண்கள் வேண்டாம். வெளி அழைப்பு வசதியைக் கெஸ்ட் பெட்டிகளுக்கு முழுவதும் அடைத்துவிடுங்கள். ஷிப்மென்ட் போய்ப் பணம் வந்து சேர்ந்ததும் பதிவுகளை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை நீக்குங்கள். உங்கள் இ.பி.ஏ.பி.எக்ஸ். பராமரிப்பு ஆள் அடுத்த முறை வரும்போது, உரிமையாளர் இல்லாத பெட்டிகள் எத்தனை இன்னும் திறந்திருக்கின்றன என்ற பட்டியலை முதலில் கேளுங்கள்.