போர்த்துக்கீசியத்தில் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொல்லைப் போர்த்துக்கீசியத்திற் பெயர்ப்போர், அது போர்ச்சுகல் நாட்டார்க்கோ பிரேசில் நாட்டார்க்கோ என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். எழுத்துமுறையை ஒருமைப்படுத்த 1990ஆம் ஆண்டில் உடன்பாடு செய்துகொண்ட நாடுகளுள் இவ்விரண்டும் அடங்கும். ஆயினும், சொல் வழக்கில் இவை இன்றும் வேறுபட்டே நிற்கின்றன.

கால்பந்தாட்டத்தில் இலக்கைக் காப்போனைப் போர்ச்சுகல் நாட்டார் 'குவார்தா-ரெதெஷ்' என்பர். வலைகாப்போன் என்பது பொருள். பிரேசில் நாட்டாரோ, 'கோல்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு, தொழில் செய்வோனைக் குறிக்கும் 'எய்ரு' என்னும் விகுதியைச் சேர்த்துக் 'கொலேய்ரு' என்பர். கணிப்பொறிச் சுட்டியைப் போர்ச்சுகல், எலி எனப் பொருள்படும் 'ராத்து' என்று பெயர்த்தது. பிரேசில் 'மவுஸ்' என்றே கொண்டது.

இவை கொண்டு, போர்ச்சுகல் தூய்மை பேணுவது, பிரேசில் கடன் கொள்வது என முடிவு கட்டுதல் பொருந்தாது. திரையைக் குறிக்கப் போர்ச்சுகலில் வழங்கும் 'எக்ரான்' பிரெஞ்சுக் கடன். பிரேசிலில் வழங்கும் 'தேலா' இலத்தீன் வழிவந்த பழஞ்சொல். அழித்தலைக் குறிக்கும் 'டிலீட்' என்னும் ஆங்கிலச் சொல், பிரேசிலில் 'ஆர்' என்னும் வினையீறு பெற்றுத் 'தெலெத்தார்' ஆயிற்று. அதன் வேரும் இலத்தீனே. அழியாதது எனப் பொருள்படும் 'இந்தெலேவெல்' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லிலும் அவ்வேரைக் காண்கிறோம். ஆங்கிலத்தின் வழியே வந்ததும் உறவுச்சொல்லே எனலாம்.

ஆதலின், அகராதி செய்வோர் ஒரு சொல்லுக்கு ஒரு நேர்சொல் தந்து அமையாது, அது வழங்கும் நாட்டையும் உடன் குறித்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத நேர்சொல், பொருளாற் பொருந்தினும் வழக்காற் பிழைபடக்கூடும் என்பது நம் துணிபு.