அந்தத் தொண்டைக்கு இந்த அம்மா ரோல் செட் ஆகுமா?

ஹாரி பாட்டர் பார்த்தவங்க யாரும் அம்ப்ரிட்ஜ் டீச்சரை மறந்திருக்க மாட்டீங்க. உடம்பெல்லாம் பிங்க், சுவரெல்லாம் பூனைத் தட்டு, வாயைத் திறந்தா தேன், செய்றதெல்லாம் விஷம்! 2007-ல் வந்த படத்தில் நம்மை அவ்வளவு கடுப்பேற்றிய இமெல்டா ஸ்டான்டன், 2015-ல் லண்டன் சவாய் தியேட்டரில் ஒரு அம்மா வேஷம் கட்டினார். அடுத்த வருஷமே ஆலிவியர் விருது. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கார்ட்டூனில் (1991) பாடுமே ஒரு டீ பாட், ஞாபகம் இருக்கா? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஏஞ்சலா லான்ஸ்பரி. அவரும் 1973-ல் லண்டனில், அடுத்த வருஷம் நியூயார்க்கில் அதே அம்மாவாக நடித்து, 1975-ல் டோனி விருதை அள்ளினார்.

யாருப்பா அந்த அம்மா?

பேர் ரோஸ். நாடகத்தின் பேர் 'ஜிப்ஸி'. (ஜீவா நடிச்ச நம்ம 'ஜிப்ஸி'க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை பாஸ்!) 1959 மே 21 அன்று பிராட்வேயில் முதல் மேடை. இசை ஜூல் ஸ்டைன், பாடல் வரிகள் ஸ்டீபன் சோன்ட்ஹைம், கதை வசனம் ஆர்தர் லாரன்ட்ஸ், இயக்கம் ஜெரோம் ராபின்ஸ். வரிகள் எழுதின சோன்ட்ஹைமுக்கு அப்போ வயசு 29. இசையும் அவரே போடுறதாத்தான் இருந்தது. "பேர் தெரியாத பையன் டியூன் எல்லாம் வேண்டாம்"னு ஹீரோயின் தரப்பு சொல்லிட்டதால, வரிகளோடு நிறுத்திக்கிட்டார்.

அன்றிலிருந்து பிராட்வே நடிகைகளுக்கு ரோஸ் ஃபைனல் எக்ஸாம் மாதிரி. சிலபஸ் எல்லாருக்கும் தெரியும், பேப்பர்தான் கஷ்டம். 2024 டிசம்பரில் இந்த எக்ஸாமுக்கு வந்து உட்கார்ந்தவர் ஆட்ரா மெக்டொனால்டு. அப்போ வயசு 54. மேடை அனுபவம் 30 வருஷத்துக்கு மேல். வீட்டில் ஏற்கெனவே ஆறு டோனி விருது. நடிப்புக்காக இத்தனை டோனி வாங்கியவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்தும் ஒரு கேள்வி கிளம்பியது. "நல்ல நடிகை, ஓகே. நல்ல பாடகி, டபுள் ஓகே. ஆனா... ரோஸுக்கு இந்தக் குரலா?"

இது வெறும் வம்பு இல்லை. கேள்வியில் விஷயம் இருக்கு. அதைப் புரிஞ்சுக்க முதலில் ரோஸ் யாருன்னு பார்த்துடுவோம்.

1920-கள். அமெரிக்காவில் வாட்வில் என்றொரு மேடை. பாட்டு, டான்ஸ், ஜோக், குட்டிக்கரணம் எல்லாம் கலந்த பல்சுவை ஷோ. ரோஸ் தன் இரண்டு பெண் குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக வாய்ப்பு தேடுகிறாள். சின்னவள் ஜூன்தான் ஸ்டார். பெரியவள் லூயிஸுக்குக் கிடைப்பது மாட்டு வேஷம். குழந்தைகள் வளர்ந்தாலும் அம்மா அவர்களை வளர விடமாட்டாள். வயசைக் குறைத்துச் சொல்லியே காலத்தை ஓட்டுவாள். ஒரு நாள் ஜூன் காதலனோடு எஸ்கேப். சரி போகட்டும்னு லூயிஸைப் பிடித்துக்கொள்கிறாள் ரோஸ். அதற்குள் சினிமா பேசத் தொடங்கிவிட, வாட்வில் செத்துக்கொண்டிருக்கிறது. லூயிஸ் கடைசியில் போய்ச் சேரும் இடம், ஆடை களையும் நடன மேடை. அங்கே அவள் பெரிய ஸ்டார் ஆகிறாள். பேர், ஜிப்ஸி ரோஸ் லீ. இது நிஜப் பெண்; அவர் 1957-ல் எழுதிய சுயசரிதைதான் நாடகத்தின் மூலம்.

மகள் ஜெயித்த பிறகு அம்மாவுக்கு வேலை இல்லை. காலி மேடையில் தனியாக நின்று, "எனக்கு எப்போ சான்ஸ்?" என்று இல்லாத ஆடியன்ஸைக் கேட்டு வெடிக்கிறாள். 'ரோஸஸ் டர்ன்' என்ற அந்தப் பாட்டுதான் கிளைமாக்ஸ். முன்னாடி வந்த பாட்டுகளின் துண்டுகளையே கிழித்து ஒட்டின மாதிரி இருக்கும். நடுவில் ஒரு சொல்லில் சிக்கித் திக்குவாள். பாட்டா, அழுகையா, பைத்தியமான்னு பிரிக்கவே முடியாது. இதை வாரத்துக்கு எட்டு ஷோ செய்யணும். நம்ம ஆளுங்க ஒரு செமினார் எடுத்தாலே தொண்டை கட்டிடுது!

ஸ்டெனோ குரல்!

முதல் ரோஸ் எதெல் மெர்மன். சங்கீதம் படிக்காத, ஆபீஸில் ஸ்டெனோவாக வேலை பார்த்த பெண். 1930-ல் கெர்ஷ்வின் இசையமைத்த 'கேர்ள் க்ரேஸி'யில் அறிமுகம். நடிகர்கள் சட்டைக்குள் மைக் மாட்டிக்கொள்ளாத காலம் அது. கீழே ஆர்க்கெஸ்ட்ரா முழங்க, கடைசி வரிசைக்குக் கேட்கணும்னா தொண்டைதான் கதி. மெர்மனுக்கு அது பிரச்னையே இல்லை.

கிரவுண்டின் அந்தக் கோடியில் நிற்கும் நண்பனை எப்படிக் கூப்பிடுவீங்க? நெஞ்சிலிருந்து ஒரு "டேய்ய்ய்!" வருமே, அந்தக் குரலில் சுருதி சுத்தமாகப் பாடினால் அதுதான் பெல்டிங். சாதாரணமாகப் பேசும்போது குரல் நாண்கள் தடிமனாக, முழுசாக அதிரும். சுருதி ஏற ஏற, ஓரிடத்தில் கியர் மாறி நாண்கள் மெலிந்து, குரல் தலைக்குள் போகிற மாதிரி லேசாகும். ஓபரா பாடகிகள் இந்தக் கியர் மாற்றத்தை யாருக்கும் தெரியாமல் செய்யப் பழகுவார்கள். பெல்ட் பாடகி மேலேயும் அந்த நெஞ்சுக் குரலின் கனத்தை விடுவதில்லை. மிடில் ஸி-யிலிருந்து அடுத்த ஸி வரை, அதாவது 262 ஹெர்ட்ஸிலிருந்து 523 ஹெர்ட்ஸ் வரை, ஃபர்ஸ்ட் கியரிலேயே மலை ஏறுகிற கதை. எஞ்சின் அலறும். அந்த அலறல்தான் கிக்கே!

ரோஸின் பாட்டுகள் இந்தத் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தவை. ஆட்ராவோ ஜூலியார்டில் முறையாகக் குரல் பயிற்சி எடுத்த சோப்ரானோ. வழுக்கிக்கொண்டு மேலே போய், அங்கே மின்னுகிற குரல். மெர்மனின் தையலை இவர் போட்டால் உச்சியில் கியர் மாறுவது கேட்கத்தான் செய்யும். எதிர்த்தவர்கள் கையில் இருந்த முதல் பாயின்ட் அது.

ரெண்டாவது பாயின்ட் இன்னும் ஸ்ட்ராங். ரோஸ் என்பவள் சான்ஸ் கிடைக்காமலே போனவள். இவ்வளவு அழகாகப் பாடத் தெரிந்தவள் ஏன் ஸ்டார் ஆகாமல் குழந்தைகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கணும்? லாஜிக் இடிக்குதே!

முதல் பாயின்டுக்கு வரலாறே பதில் சொல்லும். மெர்மனுக்கு அப்புறம் வந்த யாருமே மெர்மன் இல்லை. 1989-ல் ரோஸாக வந்த டைன் டேலியை ஊருக்கே டி.வி. போலீஸாகத்தான் தெரியும், அடுத்த வருஷம் டோனி அவருக்கு. லான்ஸ்பரிக்கும் மெர்மன் மாதிரி சைரன் குரல் கிடையாது. அவர் வேறொன்று செய்தார். 'ரோஸஸ் டர்ன்' முடிந்ததும் ஆடியன்ஸ் கைதட்டும். ரோஸ் குனிந்து வணங்குவாள். தட்டல் ஓய்ந்துவிடும். அவள் மட்டும் வணங்கிக்கொண்டே இருப்பாள். அவளுக்குக் கேட்கும் கைதட்டல் நமக்குக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். தொண்டையால் முடியாததை இடுப்பை வளைத்தே முடித்துவிட்டார் மனுஷி.

ஆட்ராவுக்குக் கிடைத்த கேலி 2003-லேயே ஒருவருக்குக் கிடைத்தது. பெர்னடெட் பீட்டர்ஸ். பொம்மை மாதிரி சின்ன உருவம், சுருட்டை முடி, கொஞ்சும் குரல். "இவங்களா ரோஸ்?" என்று ஷோ தொடங்கும் முன்பே சிரித்தார்கள். முன்னோட்டக் காட்சிகளில் உடம்பு சரியில்லாமல் சில நாள் வரமுடியாமல் போக, சிரிப்பு இன்னும் கூடியது. 1961-ல், 13 வயசில், இதே நாடகத்தின் டூரில் லூயிஸுடன் ஆடும் சின்னப் பெண்களில் ஒருத்தியாக இருந்தவர் அவர். 42 வருஷம் கழித்து அம்மாவாக வந்து நின்றபோது சிரித்தவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். விருது மட்டும் கிடைக்கவில்லை. (மெர்மனுக்கே 1960-ல் கிடைக்கவில்லை. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாயகி மேரி மார்ட்டின் தட்டிக்கொண்டு போய்விட்டார்!)

வயசுப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கும் ஒரு தகவல். நிஜ ரோஸின் மூத்த மகள் பிறந்தது 1911-ல். குழந்தைகள் மேடையேறியபோது அம்மாவுக்கு முப்பதை ஒட்டின வயசுதான். மெர்மன் நடித்தபோது 51, பீட்டர்ஸ் 55, ஸ்டான்டன் 59. ஆக, வயசு பார்த்தால் ஒருத்தர்கூட பாஸ் இல்லை. இன்னொன்று, இன்றைக்கு எல்லா நடிகர்களிடமும் மைக் இருக்கு. கடைசி வரிசைக்குக் கேட்க வைக்கும் பொறுப்பு சவுண்ட் இன்ஜினீயருடையது. அப்புறமும் மெர்மன் சத்தம்தான் வேணும்னு கேட்டால், அது பழக்கத்தின் ருசி. ருசி தப்பில்லை, ஆனா அதை ரூல் ஆக்கக்கூடாது.

வாசலில் நிற்கவைத்த குரல்

இப்போ அந்த ரெண்டாவது பாயின்ட். இவ்வளவு நல்லா பாடுறவ ஏன் ஸ்டார் ஆகலை?

'பேன்டம் ஆஃப் தி ஓபரா' 35 வருஷம் ஓடி 2023-ல் இறங்கிய மெஜஸ்டிக் தியேட்டரில்தான் இந்த 'ஜிப்ஸி'. இயக்கம் ஜார்ஜ் சி. வுல்ஃப். பிராட்வேயில் ரோஸாக நடித்த முதல் கறுப்பினப் பெண் ஆட்ரா. கதையை வுல்ஃப் மாற்றி எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. 1920-களின் அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனி வாட்வில் சர்க்யூட் இருந்தது. பெரிய சர்க்யூட்டின் கதவு லேசில் திறக்காது. அந்தக் காலத்தில் அந்த நிறத்தில் அப்படி ஒரு குரலோடு ஒருத்தி நின்றால், "ஏன் ஸ்டார் ஆகலை?" என்ற கேள்விக்குப் பதிலைத் தனியாகச் சொல்லணுமா என்ன? குரல் எவ்வளவு அழகோ, அவ்வளவு வயிற்றெரிச்சல். மெர்மனின் ரோஸ், திறமை இருந்ததா இல்லையான்னு தெரியாத ஒரு பேராசைக்காரி. ஆட்ராவின் ரோஸிடம் திறமை இருந்ததை நாம் காதாலேயே கேட்கிறோம். அழகான குரல் இந்த ரோலுக்குக் குறைன்னு சொன்னதே இங்கே கதையின் ஆதாரமாக மாறிடுது.

ஜூனுக்குப் பொன்னிறச் சுருட்டை முடி. சின்னப் பசங்க ஆடிக்கொண்டே பெரியவர்களாக மாறும் காட்சியில், கறுப்பினச் சிறுவர்கள் போய் வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து நிற்பார்கள். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், சான்ஸுக்காக ரோஸ் எதை எல்லாம் மாற்றத் துணிந்தாள் என்று தெரிந்துவிடும்.

அப்போ ஆட்ராவுக்கு நூத்துக்கு நூறா? இல்லை. ஷோ முடிந்துவிட்டது, நமக்குக் கிடைப்பது 2025-ல் வந்த பாடல் தொகுப்பும், அந்த ஜூன் மாதம் டோனி விழாவில் அவர் பாடிய 'ரோஸஸ் டர்ன்' வீடியோவும்தான். அதைவைத்துச் சொல்கிறேன். முதல் பாதியின் கடைசிப் பாட்டு. ஜூன் ஓடிப்போய்விட்டாள், எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் நினைக்கும் ரயில்வே பிளாட்ஃபாரத்தில், இனி எல்லாமே சூப்பர்தான் என்று ரோஸ் பாடுவாள். அந்தப் பாட்டின் பயங்கரமே அவள் குரலில் ஒரு கீறல்கூட இல்லாததுதான். மெர்மன் பாடும்போது புல்டோசர் வருவது மாதிரி இருக்கும். லூயிஸை நினைத்து நமக்கு வயிறு கலங்கும். ஆட்ரா பாடும்போது உச்சியில் குரல் மெலிகிறது. உள்ளே பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது. பரிதாபம் வந்துவிடுகிறது. கடைசி அரை மணி நேரத்தில் வரவேண்டிய பரிதாபம் இன்டர்வெலுக்கு முன்னாடியே லீக்! இந்த இடத்தில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நானும்.

ஆனா 'ரோஸஸ் டர்ன்'? அங்கே கியர் மாறுவதுதான் நடிப்பே. நெஞ்சுக் குரலில் அதட்டுகிறாள், கரகரக்கிறாள், சட்டென்று அந்த சோப்ரானோ எட்டிப் பார்க்கிறது, உடனே அழுகை அதை மிதித்துவிடுகிறது. ஒரே தொண்டைக்குள் ரெண்டு பெண்கள். ஒருத்தி அம்மா; இன்னொருத்தி மேடையேறாமலே போன பாடகி. ஒரே கியரில் பாடுகிற குரலுக்கு இந்த ரெண்டாவது பெண்ணைக் காட்டும் வசதி கிடையாது.

விருது என்ன ஆச்சு? ஏழாவது டோனி வரவில்லை. 'சன்செட் பொலிவார்ட்' நாடகத்துக்காக நிகோல் ஷெர்சிங்கர் வாங்கினார். யாருன்னு யோசிக்கிறீங்களா? நம்ம ஏ.ஆர்.ரஹ்மானின் 'ஜெய் ஹோ' 2009-ல் இங்கிலீஷில் வந்ததே, அதில் பாடின அதே நிகோல்தான்! விழாவுக்கு முந்தின மாதம் ஒரு தனி சண்டையும் நடந்தது. 2008-ல் ரோஸாக நடித்து டோனி வாங்கிய பேட்டி லுபோன், நியூயார்க்கர் பத்திரிகைப் பேட்டியில் ஆட்ராவைப் பற்றிக் கசப்பாகப் பேசிவிட, நூற்றுக்கணக்கான கலைஞர்கள் கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட, அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். முன்னாள் ரோஸும் இந்நாள் ரோஸும் மோதினால் சும்மா இருக்குமா பிராட்வே?

2025 ஆகஸ்ட் 17-ல் திரை விழுந்தது. அக்டோபர் வரை ஓடுவதாக இருந்த ஷோ.

ஹாஸ்டலில் நல்ல ஹெட்போன் வைத்திருக்கும் புண்ணியவான் யாராவது இருந்தால் ஒரு ராத்திரி கடன் வாங்குங்க. 1959 மெர்மன் ரெக்கார்டிங், 2008 லுபோன், 2015 ஸ்டான்டன், 2025 ஆட்ரா. அந்த ரயில்வே பிளாட்ஃபாரப் பாட்டை மட்டும் வரிசையாக நாலு தரம் கேளுங்க. கடைசி உச்சிக்கு ஏறும்போது எது ஃபர்ஸ்ட் கியர், எங்கே கியர் மாறுதுன்னு உங்க காதுக்கே பிடிபடும். அப்புறம் 'ரோஸஸ் டர்ன்'. அதை மட்டும் ரூம் மேட் தூங்கின பிறகு கேட்காதீங்க. மனுஷன் அலறி எழுந்துடுவான்!