கனத்த நாதம் எங்கே பிறக்கிறது?

"மாமா, 8 நல்லதோ, 16 நல்லதோ?"

சென்ற ஆண்டு தவணை விடுமுறையில் என் தமக்கையின் மகன் இக் கேள்வியோடு வந்து நின்றான். அவனிடம் ஒரு மின் கிற்றார் உண்டு. நண்பர் மூவரோடு சேர்ந்து 'ஹெவி மெற்றல்' என்னும் வன்மையான மேலையிசையைப் பயில்பவன் அவன். தந்திகளின் கீழே பதித்திருக்கும் 'பிக்கப்' என்ற உறுப்பை மாற்றினால் நாதம் கனக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதற்கென மாதக் கணக்காகப் பணம் சேர்த்து வைத்திருந்தான். கையிலிருந்த விலைப்பட்டியலில் ஒரு பிக்கப்புக்கு 8 கிலோ ஓம் என்றும் மற்றொன்றுக்கு 16 கிலோ ஓம் என்றும் குறித்திருந்தது. பௌதிகம் கற்பிப்பவன் என்ற செருக்கோடு, நொடிப்பொழுதும் யோசியாது, "16" என்றேன். அவ்விடை பிழை. பிள்ளையின் பணம் அதனாற் போயிற்று. மின் கிற்றார் வாங்கித் தருமாறு பிள்ளைகள் கேட்கும் வீடுகள் இன்று பல ஆதலின், யான் பின்னர் தேடிக் கற்றதை இங்கே எழுதுகின்றேன்.

பிக்கப் என்பது யாது? உயர்தர வகுப்பில் நாம் படிப்பிக்கும் மின்காந்தத் தூண்டலேயன்றி வேறன்று. ஒரு சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறுமாயின் அச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831 இல் கண்டார். பிக்கப்பினுள்ளே ஒரு நிலைக்காந்தமும், தலைமயிரை ஒத்த மெல்லிய செப்புக் கம்பியாலான சுருளும் உள்ளன. மேலே உருக்குத் தந்தி அதிர, பாயம் அசைகிறது. தந்தியின் ஆட்டம் மின்னாக மாறுகிறது. இந்த மின் மிகச் சிறியது. கடைக்காரர் 'அம்பிளிபயர்' என்றும் பௌதிக நூல் 'விரியலாக்கி' என்றும் சொல்லும் பெட்டியே அதைப் பெருக்கி ஊரெல்லாம் கேட்கச் செய்கிறது.

தனிச் சுருள் ஒன்று தந்தியின் அசைவை மட்டுமன்றி, அயலிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் ஏற்றுக்கொள்ளும். இக் குறையை நீக்க, அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளர் சேத் லவர் 1955 இல் ஓர் உபாயம் செய்தார். இரு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிராக வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ ஒன்றோடொன்று கூடும். இதுவே 'ஹம்பக்கர்'. சுருள் ஒன்றில் ஏறத்தாழ 5,000 சுற்றுகள். முழுத் தடை பெரும்பாலும் 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரை. 1957 முதல் கிற்றார்களிற் பொருத்தப்பட்ட இவற்றின் அடியில், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் சிறு தாள் ஒட்டியிருந்தது. அவ் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கொண்டு அவற்றைப் 'பி.ஏ.எப்.' என்பர். நடுத்தர வலுவுள்ள பிக்கப் என்று இன்று சொல்லும்போது பலர் மனத்திற் கொள்ளும் அளவுகோல் இதுவே.

இனி, யான் வழுக்கிய இடத்துக்கு வருவோம். தடை வேறு, வலு வேறு. 42 ஆம் இலக்கக் கம்பியை நீக்கிவிட்டு, அதே எண்ணிக்கைச் சுற்றுகளை மெல்லிய 44 ஆம் இலக்கக் கம்பியாற் சுற்றினால், தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். தூண்டப்படும் மின்னழுத்தமோ சற்றும் கூடாது. ஆகவே ஓம் கணக்கைப் பார்த்துப் பிக்கப்பின் பலத்தை அளப்பது, புத்தகத்தின் பாரத்தைத் தூக்கிப் பார்த்து அதன் பொருளை மதிப்பிடுவது போன்றது. இதை எந்தச் சாதாரண மாணவனும் கண்டுபிடித்திருப்பான். யான் கண்டிலேன்!

மெய்யாகவே சுற்றுகளைக் கூட்டினால் மின்னழுத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சுருளின் தற்றூண்டல் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்தத் தற்றூண்டலும், விரியலாக்கி வரை செல்லும் வடத்தின் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு பரிவு மீடிறனை உண்டாக்குகின்றன. அதற்கு அண்மையிலுள்ள ஒலிகள் எடுப்பாக ஒலிக்கும். அதற்கு மேற்பட்டவை தேய்ந்து போகும். மாணவர் விரும்பினால் கணித்துப் பார்க்கலாம். கொள்ளளவம் 600 பிக்கோபரட் எனக் கொள்க. தற்றூண்டல் 4.5 ஹென்றியாயின் பரிவு 3,000 ஹேட்சுக்குச் சற்று மேலே நிற்கும். 8 ஹென்றியாயின் 2,300 அளவுக்கு இறங்கிவிடும். தந்தி மீட்டும்போது எழும் கூர்மையும், ஒரு சுரக்கூட்டில் ஒவ்வொரு தந்தியையும் வேறு வேறாகக் கேட்கச் செய்யும் தெளிவும் உறைவது பெரும்பாலும் இவ்விரு எல்லைகளுக்கும் அயலிலேதான். இழந்த அந்த மேற்றொனிகளை விரியலாக்கியின் திருகிகளால் முற்றாக மீட்டல் அரிது.

ஆயின் கனத்த நாதம் எங்கே பிறக்கிறது? விரியலாக்கியிலே பிறக்கிறது. அது தாங்கும் அளவுக்கு மேற்பட்ட அலை உட்புகுந்தால் அலையின் முடிகள் வெட்டுண்ணும். வெட்டுண்ட அலையில் புதிய மேற்றொனிகள் முளைக்கும். மெற்றல் இசையின் கர்ச்சனை இந்தத் திரிபேயாகும். திரிபுக்குள் நுழையும் ஒலி தெளிவாயிருந்தால் வெளிவருவதும் உருவத்தோடு வரும். கலங்கலாய் நுழைந்தது சேறாய் வரும். திருவிழாக் காலத்தில் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தும் அறிவிப்பாளரின் பேச்சு எம் எல்லாருக்கும் பழக்கமானது. சத்தம் மூன்றாம் வீதிக்கும் கேட்கும். தொலைந்த பிள்ளையின் பெயர் மட்டும் விளங்காது.

அங்ஙனமாயின் வலுமிக்க பிக்கப்பை ஏன் ஆக்கினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1972 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த லரி டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டோர்ஷன்' என்ற பிக்கப்பை வெளியிட்ட காலத்தில், பெரும்பாலான விரியலாக்கிகள் தாமாக எளிதில் திரிபடையமாட்டா. அவற்றை உந்தித் தள்ளப் பலமான பிக்கப் வேண்டியிருந்தது. பின்னர் வந்த விரியலாக்கிகளுக்குள்ளேயே படிமேற் படியாகப் பெருக்கும் பகுதிகள் அமைந்துவிட்டன. இன்று ஒரு மாணவன் வாங்கும் சிறு பெட்டியிற்கூட வேண்டிய அளவுக்கு மேலேயே திரிபு கிடைக்கிறது. தேவை போய்விட்டது, ஆசை மட்டும் நின்றுவிட்டது.

என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. ஆகவே அவனே வணங்கும் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்தேன். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த ரொனி அயோமி, இளமையிலே உலோகத் தொழிற்சாலையொன்றில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். இடக்கை வாத்தியகாரராகிய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. உருக்கிய பிளாத்திக்கினால் விரற்கவசம் செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். அவர் சேர்ந்திருந்த 'பிளக் சபத்' குழு தன் முதல் இசைத்தட்டை 1969 ஒக்ரோபரில் ஒரே நாளிற் பதிவு செய்தது. 1970 பெப்ரவரியில் அது வெளிவந்தது. பதிவின்போது அவருடைய ஸ்ராற்றோகாஸ்ரர் கிற்றாரின் பிக்கப் பழுதுபட்டது. மேலதிகமாகக் கொண்டு வந்திருந்த கிப்சன் எஸ்.ஜி. கிற்றாரை எடுத்தார். அதில் இருந்தது 'பி-90', கிப்சன் 1946 முதல் ஆக்கிவந்த நடுத்தர வலுவுள்ள தனிச்சுருள் பிக்கப். விரியலாக்கிக்கு முன்னால் அவர் வைத்த சிறு கருவியோ உயர்ந்த ஒலிகளை மிகுவித்துக் கொடுப்பது. மெற்றல் இசையின் பிறப்பு என்று பலர் கொள்ளும் அவ்விசைத்தட்டின் கனம் வந்த வழி இது. 16 கிலோ ஓமுக்கு அங்கே வேலையிருக்கவில்லை.

நடுத்தர பிக்கப்பின் மற்றொரு நன்மை, பல பாட்டுக்கும் உதவுதல். கிற்றாரின் ஒலித்திருகியைச் சற்றுக் குறைத்தால் திரிபு விலகித் தெளிந்த ஒலி வரும். மீண்டும் கூட்டினால் கர்ச்சனை திரும்பும். வலுமிக்க பிக்கப்பிலும் குறைக்கலாம், ஆனால் முன்னரே மங்கிய ஒலி மேலும் மங்கும். வாங்குவோர் நான்கு கம்பி இணைப்புள்ள ஹம்பக்கரைக் கேட்டு வாங்கினால், இரு சுருள்களைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைக்கலாம். ஒன்றைத் தனித்தும் இயக்கலாம். ஒரு கிற்றாரில் மூன்று குரல்! ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் திருகி வேண்டும். 250 பொருத்தினால் ஒலி மந்தமாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னே, காசு செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிக்கப்பின் இரு பக்கத்து ஆணிகளைத் திருகி அதைத் தந்தியிலிருந்து சிறிது இறக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றரிலேயே ஒலி மாறும். தடித்த தந்திகளின் பக்கத்தை மற்றதிலும் சற்றுத் தாழ்த்தி வைத்தால் கீழ்ச்சுரங்கள் துலங்கும். என் மருமகன் வாங்கியதும் கழற்றி ஒதுக்கிய பழைய பிக்கப்பை அளந்தபோது, அது 8 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டியது. அதையே மீண்டும் பொருத்தி, இரண்டு சுற்று இறக்கினோம்.

நாம் வாங்கிய 16 கிலோ ஓம் பிக்கப்பை அவனுடைய நண்பன் ஒருவன் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டான். அவனிடமிருப்பது தந்தையார் காலத்துப் பழைய விரியலாக்கி. எவ்வளவு கூட்டினாலும் திரிபடைய மறுத்தது. புதிய பிக்கப் வந்தபின் நன்றாக உறுமுகிறதாம். விலையில் விழுந்த குறையை யான் கொடுத்துத் தீர்த்தேன். அந்தப் பணத்துக்கு மருமகன் இரண்டு சோடி தந்தி வாங்கியிருக்கிறான்.