365 பேருக்குச் செய்தி சொல்ல ஒன்பதே நிமிடம்!
புயலை முந்தும் கம்ப்யூட்டர் கூட்டம்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ, அத்தனை படி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிக்கு ஒருவராக 365 பேர் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் செல்போன். "பெருமழை வருகிறது, இறங்குங்கள்" என்ற செய்தி முதல் ஆளுக்குக் கிடைக்கிறது. ஒருவரிடம் சொல்ல ஒரு நிமிடம் ஆகும்.

அவர் ஒருவரே எல்லாருக்கும் சொன்னால் 364 நிமிடம். அதாவது, ஆறு மணி நேரத்துக்கு மேல்! அதற்குள் மழை கொட்டித் தீர்த்துவிடும்.

வேறு வழி உண்டு. முதல் நிமிடத்தில் அவர் ஒருவருக்குச் சொல்கிறார். இப்போது செய்தி தெரிந்தவர்கள் 2 பேர். அடுத்த நிமிடம் அந்த இருவரும் ஆளுக்கு ஒருவருக்குச் சொல்கிறார்கள். 4 பேர் ஆயிற்று. பிறகு 8, 16, 32, 64, 128, 256. எட்டு நிமிடம் முடிந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் மீதி 109 பேருக்கும் செய்தி போய்விடும்!

பெரிய பெட்டி அல்ல

சூப்பர் கம்ப்யூட்டருக்குள் நடப்பது இதுதான். அது ஒரே பெரிய பெட்டி அல்ல. பல கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்த கூட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு. ஒன்றுக்குத் தெரிந்தது, அனுப்பினால்தான் மற்றதற்குத் தெரியும்.

புயலைக் கணிக்க, கடலையும் நிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பங்குக் கட்டங்களில் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது.

நான்கு வேலைகள்

இந்தக் கூட்டம் சேர்ந்து செய்யும் முக்கிய வேலைகள் நான்கு. எல்லாருக்கும் அறிவிப்பது, பங்கு பிரித்துக் கொடுப்பது, விடைகளை ஓரிடத்தில் சேர்ப்பது, சேர்க்கும்போதே கூட்டிவிடுவது.

கோவில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பலர் பிரித்து எண்ணுகிறார்கள். எண்ணிய காசை ஒருவர் மறுபடி எண்ணுவதில்லை. ஆளுக்கு ஒரு தொகை. அவற்றைக் கூட்டினால் போதும். இருவர் இருவராகக் கூட்டிக்கொண்டே வந்தால், 365 பேரின் கணக்கும் ஒன்பதே சுற்றில் முடியும்.

ஒருவர் தூங்கினால்?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாரும் சேர வேண்டிய இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சேராவிட்டால், மற்றவை காத்துக்கொண்டே நிற்கும். மொத்த வேலையும் நின்றுபோகும்! ஆகவே ஒன்றையும் விடாமல் திட்டம் எழுதவேண்டும். இதற்கான பொது விதிகள் 1994-ல் வெளிவந்தன. 'எம்.பி.ஐ.' என்பது அவற்றின் பெயர். இன்றும் உலகமெங்கும் அதுவே வழக்கம்.

நம் நாட்டில்

புனாவில் 1988-ல் 'சி-டாக்' நிறுவனம் தொடங்கியது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' உருவானது. இது பல கம்ப்யூட்டர்கள் கூடி வேலை செய்யும் இயந்திரம். 2022-ல் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்துக்கு 'பரம் பொருள்' வந்தது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் திறன் அதற்கு!

வானிலைக்கென்றே 2024-ல் புனாவில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

புயல் கரையைக் கடந்த பிறகு வரும் விடையால் யாருக்கு என்ன பயன்? ஆழ்கடலுக்குப் போன மீனவர் படகைத் திருப்பிக் கரை சேர நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சேமித்துக் கொடுப்பதுதான் இந்தக் கூட்டு வேலை.