லிட்டில் இந்தியா பக்கத்துல தமிழ்த் தேவாலயமா?

லிட்டில் இந்தியான்னாலே கோயில், பள்ளிவாசல் ஞாபகம் வரும். நடந்து போற தூரத்துல தமிழ்த் தேவாலயங்களும் இருக்கு, தெரியுமா?

எங்கே?
ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம். ஃபேரர் பார்க் அருகே டார்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் பிரிவின் கிறைஸ்ட் சர்ச்.

எப்படித் தொடங்கியது?
மெதடிஸ்ட் பணி 1885இல் சிங்கப்பூர் வந்தது. அதைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் பிறந்தது பெங்களூரில். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்குச் சொந்த மொழியில் வழிபாடு தேவைப்பட்டது.

வழிபாடு மட்டும்தானா?
இல்லை. கல்யாணம், துக்கம் எல்லாத்துக்கும் உறவா நிற்பது சபைதான்.

இப்போ என்ன சவால்?
ஆங்கிலத்தில் யோசிக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பிரசங்கம் முழுசாப் புரிவதில்லை. ஆங்கிலத்துக்கு மாறினால் பாட்டிக்குப் புரியாது. பாட்டி பக்கத்துல உட்கார்ந்து பாடும்போதாவது தமிழ் வெறும் தேர்வுப் பாடமாக இருக்காது.